முடிச்சிலிருந்த செப்புக்காசு

போன மாதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு "போறேன், போறேன்" என்று ஊரையே கூட்டினேன். ஆஸ்பத்திரியில் டொக்டர் வாயுத்தொல்லை என்றார். அதற்குள் மனைவி, ஹுன்னஸ்கிரிய தோட்டத்துத் தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த வெள்ளைக்காரன் காலத்துச் செப்புக்காசை மஞ்சள் துணியில் முடிந்து, என் உயிருக்காக அம்மனுக்கு நேர்ந்து, சாமிப்படத்தில் கட்டிவிட்டாள்.

உயிர் பிழைத்தவனுக்குப் பொழுது போகவேண்டாமா? அதே மாதிரிக் காசு லட்சக்கணக்கில் விலைபோகிறது என்று போனில் ஒரு வீடியோ. அவள் குளிக்கப் போன நேரத்தில் முடிச்சை அவிழ்த்தேன். உள்ளே ஒரு பத்து ரூபாய்க் காசை வைத்துத் திரும்பக் கட்டினேன். லட்சம் பெறும் காசு கறுத்துக்கிடக்கலாமா என்று புளி போட்டுத் தேய்த்தேன். பளபளவென்று வந்தது. அம்மனுக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று மனச்சாட்சிக்கும் ஒரு பங்கு ஒதுக்கினேன்.

பல்லேகலயிலிருந்து கண்டி டவுனுக்குப் போன பஸ்ஸில் எல்லோருமே திருடர்களாகத் தெரிந்தார்கள். காசைச் சப்பாத்துக்குள் போட்டுக்கொண்டேன். நான் நொண்டுவதைப் பார்த்து ஒரு கர்ப்பிணிப் பெண் எழுந்து இடம் கொடுத்தாள். நானும் உட்கார்ந்தேன்.

பழைய சாமான் கடைக்கார நானா, நான் சப்பாத்தைக் கழற்றும்வரை பொறுமையாக இருந்துவிட்டு, காசை ஒரு கடதாசியால் பிடித்துப் பார்த்தார்.

"யாரு இதத் தேச்சது?"

"வீட்டு ஆளுங்க" என்றேன்.

"கறுப்போட கொண்டுவந்திருந்தா ஐந்நூறு தருவேன். இப்ப நூறு. அதுவும் நீங்க நொண்டிக்கிட்டு வந்ததுக்கு."

விற்க மனமில்லாமல் காசை மறுபடி சப்பாத்துக்குள் போட்டுக்கொண்டு திரும்பி வந்தால், மனைவி பட்டுச்சேலையில் நிற்கிறாள். "காலக் கழுவிட்டு வாங்க. நேர்த்திக்கடன இன்னிக்கே செலுத்திருவோம்." அவள் பூப்பறிக்கப் போன இடைவெளியில் காசை மாற்றினேன். இப்போது நெஞ்சு நிஜமாகவே அடித்துக்கொண்டது, சொல்லத்தான் முடியவில்லை.

கோயில் உண்டியல் முன்னால் முடிச்சை அவிழ்த்தாள். மின்னிய காசை மூக்கருகே கொண்டுபோனாள்.

"ஏங்க, அம்மனே புளி போட்டு வெளக்கிட்டாளா?"

நான் அம்மனைப் பார்த்தேன்.

"கடையில எவ்வளவு சொன்னாங்க?"

"நூறு."

"காசுக்கா, உங்களுக்கா?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. காசை இரண்டு கண்களிலும் ஒற்றி, "இவருக்கு ஒண்ணும் ஆகக்கூடாது தாயே" என்றாள். சப்பாத்து விஷயம் அவளுக்குத் தெரியாது. தடுக்கக் கையை நீட்டினேன், அதில் காசை வைத்தாள்.

"நீங்களும் ஒத்திக்கிட்டுப் போடுங்க."

ஒற்றிக்கொண்டேன். கண் எரிந்தது. புளியாகத்தான் இருக்கும்.