தோற்ற அரசர்களின் பேரன்

சென்ற செவ்வாய் காலை பிளாசாவில் கோப்பி வரிசையில் நின்றபோது மகள் அஜக்ஸ் நகரிலிருந்து அழைத்தாள். “அப்பா, ஹூஷாங் அங்கிள் போயிட்டார்.” நான் வரிசையை விட்டு விலகிவிட்டேன். ஸ்காபரோவின் டோர்செட் பார்க் பகுதியில் பாதித் தமிழருக்குக் கார் ஓடப் பழக்கிய அந்தப் பாரசீகரை உங்களுக்குத் தெரியும். அவருடைய உடம்பில் ஓடியது பாரசீகத்தை ஒருகாலம் ஆண்ட கஜார் அரச வம்சத்து இரத்தம் என்பதை உலகத்துக்கு அறிவித்தவன் நான்தான்.

ஸ்டொப் சைனில் நிற்காமல் போனால் தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்துவிட்டுச் சொல்வார்: “எங்கள் ஷா மன்னரே வந்தாலும் இங்கே நிற்க வேண்டும்.” தன் மாணவர்களில் சிங்கம் என்று என்னைத்தான் சொல்வார். லைசன்ஸ் சோதனையில் மூன்றாம் தரம்தான் தேறினேன், அது வேறு கதை.

மகள் விரும்பிய பொடியனின் வீட்டார் சம்பந்தம் பேச வந்த அன்று, ஹூஷாங்கை எங்கள் பக்கத்துப் பெரியவராகச் சோபாவில் இருத்தினேன். என் அப்பப்பாவின் ஏழு கப்பல் கதையை முதலில் எடுத்துவிட்டேன். பிறகு, பாரசீக இளவரசரே எங்கள் குடும்ப நண்பர் என்றேன். மாப்பிள்ளையின் தாய்மாமன் சிரித்தார்.

“ஸ்காபரோவிலை வந்து இறங்கினவுடனை எல்லாரும் ராசாதான், அண்ணை. கப்பலும் பொய், இளவரசரும் பொய் எண்டால், பிள்ளையைப் பற்றிச் சொன்னதை என்னெண்டு நம்புறது?”

மகள் தேநீர்த் தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள்.

தாய்மாமன் சொன்னதன் அர்த்தத்தை ஹூஷாங் அவளிடம் கேட்டறிந்தார். சீனிக்கட்டியைப் பல்லிடையில் வைத்துத் தேநீரை உறிஞ்சினார். பிறகு ஆங்கிலத்தில், எல்லோருக்கும் விளங்கும்படி நிதானமாகப் பேசினார்.

“எங்கள் முதல் அரசர் ஒரு நகரத்து மக்களின் கண்களைப் பிடுங்கினார். இரண்டாமவருக்கு இடுப்புவரை தாடி. ரஷ்யர்களிடம் வடக்கை இழந்தார். நாலாமவர் நாட்டுப் புகையிலையை வெள்ளைக்காரனுக்கு விற்றார். ஆறாமவர் தன் பாராளுமன்றத்துக்கே பீரங்கி அடித்தார். கடைசியானவர் சின்னப்பிள்ளையாகச் சிம்மாசனம் ஏறியவர். அது பறிபோனபோது பாரிஸில் இருந்தார். பொய்யாக ஒரு வம்சம் எடுப்பதென்றால், நான் இதைவிட நல்லதை எடுத்திருக்க மாட்டேனா?”

அத்தனை அரசர்களும் எங்கள் சின்ன வரவேற்பறையில் தலைகுனிந்து வந்து நின்றது போலவும், அவர்களுக்கு நடுவில் இவர் மட்டும் நிமிர்ந்து இருந்தது போலவும் இருந்தது.

தாய்மாமன் கோப்பையைக் கீழே வைத்தார். “இந்த மனுசன் பொய் சொல்லேல்லை. இப்ப நீங்கள் சொல்லுங்கோ அண்ணை, எத்தினை கப்பல்?”

“ஒரு தோணி,” என்றேன். “அதுவும் வழக்கிலை போயிட்டுது.”

“அப்பிடிச் சொல்லுங்கோ! எங்கடை அப்பு சீட்டு விளையாடி வீடு வளவையே துலைச்சவர்.” வீடே சிரித்தது. மகளுக்கு அன்றே நாள் குறித்தோம்.

ஹூஷாங் எனக்கு விட்டுச்சென்றது அந்தத் துணிவைத்தான். இப்போது பேரப்பிள்ளைகளுக்கு எங்கள் தோல்விகளையே சொல்கிறேன். அப்பப்பா அந்தத் தோணி வழக்கை லண்டன் மகாராணி வரைக்கும் கொண்டுபோய்த் தோற்றார். இப்படிப்பட்ட இளவரசரின் நண்பனுடைய குடும்பம், போயும் போயும் உள்ளூர்க் கோர்ட்டிலா தோற்றிருக்கும்?