இடப்பக்கம் ஒரு சாண்

என் அக்காள் குளோரியின் புருஷன் கபிரியேலுக்கு இருந்தது சாதாரணப் பொறாமை இல்லை. அடுத்தவன் குழம்பில் மீன் துண்டு பெரிதாகக் கிடந்தாலே மச்சானுக்குச் சோறு இறங்காது. முட்டத்துக்காரர். கட்டுமரத்தை விட்டுவிட்டு, மணவாளக்குறிச்சிப் பக்கம் மணல் கம்பெனித் துரைமார் போட்ட கோல்ஃப் மைதானத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

அங்கே குழியைச் சுற்றிப் புல் கிடையாது. அந்த வெயிலில் புல் நிற்குமா? மணலில் எண்ணெய் கலந்து தட்டையாகப் பரப்பியிருப்பார்கள். பந்து உருண்டால் கோடு விழும். ஒவ்வொருவரும் அடித்த பிறகு பலகையை இழுத்து அந்தக் கோட்டை அழிப்பதுதான் மச்சானின் வேலை. ஐந்து வருஷம் அழித்ததில், எந்தத் துரைக்குத் தோள் கோணுகிறது, எவருக்குக் கை நடுங்குகிறது என்று கோட்டைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

துரைமார் இல்லாத நேரத்தில் பழைய மட்டை ஒன்றை எடுத்து அவரும் தட்டுவார். கடலில் மீன் கிடக்கும் பாறையைக் கண்டுபிடிக்க, கரையிலுள்ள கோயில் கோபுரத்தையும் பின்னால் தெரியும் மலையையும் நேர்கோட்டில் சேர்த்துப் பார்ப்போம். அதற்குக் கணியம் என்று பெயர். மச்சான் அதையே இங்கே செய்தார். பந்துக்குச் சற்று முன்னால் மணலில் ஒரு பொட்டைக் குறித்துக்கொள்வார். பொட்டும் குழியும் ஒரே கோட்டில் வந்ததும் மட்டையின் முகத்தைப் பொட்டுக்கு நேரே வைத்து, தலையை அசைக்காமல் தட்டுவார். பத்துக்கு எட்டு குழியில் விழும்.

1934-இல் பெரிய துரையின் பங்களாவில் பரிமாறும் வேலைக்கு ரசலையன் வந்தான். மிஷன் பள்ளியில் படித்தவன், கொஞ்சம் இங்கிலீஷ் பேசுவான். துரை அவன் கையில் மட்டையைக் கொடுத்து அடிக்கச் சொன்னார், அவனோடு சிரித்தார். ஐந்து வருஷத்தில் மச்சானைப் பார்த்து அவர் ஒருமுறைகூடச் சிரித்ததில்லை. மச்சானுக்கு வயிறு எரிந்தது.

அந்த நேரத்தில்தான் துரை போட்டியை அறிவித்தார். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வேலைக்காரர்கள் குழியைப் பார்த்து ஆளுக்குப் பத்துப் பந்து அடிக்க வேண்டும். ஜெயிப்பவனுக்கு மைதான மேஸ்திரி வேலை, கூடவே ஓட்டு வீடு. நியாயப்படி அது மச்சானுக்குத்தான் வரவேண்டும் என்று இன்றும் சொல்லுவேன்.

ரசலையன் அடிக்கும் பந்தெல்லாம் குழிக்கு இடப்பக்கம் ஒரு சாண் தள்ளியே போகும். "அண்ணே, எனக்கு எங்க தப்புது?" என்று கேட்டான்.

"அதெல்லாம் கைராசி டே. ஒனக்கு இல்ல" என்றார் மச்சான். காரணம் அவருக்குத் தெரியும். மட்டை படும் நேரத்தில் அவன் தலையைத் தூக்குவான், வலது மணிக்கட்டு புரளும்.

அவனிடம் சொல்லாததை எங்களுக்கெல்லாம் நடித்துக் காட்டினார். தினமும் சாயங்காலம் கடற்கரையில் ஒரு கம்பும் புன்னைக்காயுமாக, ரசலையனைப் போலவே தலையைத் தூக்கி, கையைப் புரட்டித் தட்டுவார். ஒரு மாதம் நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அக்காள் மட்டும் சிரிக்கவில்லை. "அவன் அடிய விட்டுட்டு ஒங்க அடியப் பழகுங்க" என்றாள்.

"ஏட்டி, சும்மா கெட."

ஒரு சனிக்கிழமை பங்களாவுக்கு மீன் வாங்க வந்த ரசலையன், கூட்டத்துக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டான். எனக்கு உடம்பு கூசியது. அவனோ, "இன்னொரு தடவ காட்டுங்க அண்ணே" என்றான். மச்சானுக்குக் குஷி. மூன்று தடவை காட்டினார்.

போட்டியன்று ரசலையன் முதலில் அடித்தான். தலை அசையவில்லை, மணிக்கட்டு புரளவில்லை. ஏழு விழுந்தது. மச்சானுக்கு எட்டு வேண்டும். அது அவருக்கு அன்றாடக் கணக்குதான். பொட்டைக் குறித்தார், நேர் பார்த்தார், தட்டினார். இடப்பக்கம் ஒரு சாண். அடுத்ததும் அப்படியே. ஒரு மாதமாக அவன் அடியையே அடித்த கை, தன் அடியை மறந்திருந்தது. எப்படியோ நான்கு விழுந்தது. மணலில் கிடந்த மற்ற ஆறு கோடுகளையும் மச்சான் பார்த்தார். அவருக்கு நன்றாகத் தெரிந்த கோடுகள்.

ரசலையன் ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "நீங்க காட்டித் தராட்டா எனக்குத் தெரிஞ்சே இருக்காது அண்ணே. இப்போ ஒங்களுக்காக்கும் மணிக்கட்டு பொரளுது. நாளைக்குக் காலையில வாங்க, நான் சரி பண்ணித் தாறேன்."

அந்தப் பாவி கேலியாகச் சொல்லியிருந்தால் மச்சான் அவனை ஒரு அடியாவது அடித்திருக்கலாம். அவன் மனசாரச் சொன்னான்.

மறுநாள் காலையில் மச்சான் போனார். மேஸ்திரி வரச்சொன்னால் போகாமல் இருக்க முடியுமா?