சோணை பேரன்

தனிஸ்லாஸ் பிறந்தது இலங்கையில், அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில். எண்பத்து மூன்று கலவரத்தில் வீட்டைக் கொளுத்திய கும்பல், "இந்தியாவுக்கு ஓடுங்கடா" என்றது. தப்பி வவுனியாவுக்குப் போனால் அங்கிருந்த தமிழர்களே "தோட்டக்காட்டான்" என்று ஒதுக்கினார்கள். சண்டை முற்றியதும் படகேறி, மதுரைக்குப் பக்கத்து முகாமுக்கு வந்து சேர்ந்தார். இங்கே அவர் சிலோன்காரர். போர் முடிந்து சிலர் திரும்பிப் போனார்கள். அவருக்குத் திரும்ப ஊர் இல்லை. முகாமிலேயே சகாயமேரியைக் கட்டிக்கொண்டு, பெயிண்ட் அடித்துப் பிழைத்தார்.

போன தையில் சோழவந்தானை ஒட்டிய கிராமத்தில் வேலை. வீட்டுக்காரர் சின்னச்சாமி, வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் பெரியவர். "வாங்க தம்பி" என்று கூடத்தில் உட்காரவைத்து எவர்சில்வர் டம்ளரில் காபி கொடுத்தார். பேச்சுவாக்கில் தனிஸ்லாஸ், "எங்க தாத்தா சோணை இந்த ஊர்லேருந்துதான் சிலோனுக்குப் போனாராம்" என்றார்.

பெரியவர் நிமிர்ந்தார். "எந்தச் சோணை? தெக்குத்தெரு சோணையா? தோட்டத்துக்கு ஆள் பிடிச்ச கங்காணி பின்னாடி போனவனா? எங்கய்யா சாகுற வரைக்கும் அவனப் பத்தித்தான் பேசுவாரு."

"அப்பிடித்தான் அப்பா சொல்லுவாரு."

"அடப்பாவி! நம்ம சோணை பேரனாடா நீ? இம்புட்டு நாளா எங்கடா இருந்த?"

அவர் கண் கலங்கியிருந்தது. வாழ்நாளில் யாரும் தனிஸ்லாஸிடம் அப்படிக் கேட்டதில்லை. மதியம் காபி காகிதக் கப்பில் வந்தது, வாசற்படிக்கு வெளியே. தெற்குத் தெரு, தாழ்ந்த சாதி என்று ஊர் தள்ளிவைத்திருந்த தெரு என்பது அப்போதுதான் உறைத்தது.

வீட்டில் சொன்னதும் சகாயமேரி கொதித்தாள். "கப்ப மூஞ்சியில எறிஞ்சிட்டு வர வேண்டியதுதானே?"

"குடிச்சிட்டேன்."

"ஏன்?"

"தெரியல மேரி. அந்தாளு அழுதது நெசம்."

மறுநாள் போய் மிச்சச் சுவரை முடித்தார். காபி வேண்டாம் என்றுவிட்டார். கிளம்பும்போது தெற்குத் தெருவுக்கு நடந்தார். குழாயடியில் அன்னக்கொடி என்ற பெண் விசாரித்தாள். சோணை பேரன் என்று சொன்னார்.

"எங்காளுகதான்" என்று சிரித்தவள், அவர் கழுத்துச் சிலுவையைப் பார்த்துத் தயங்கினாள். "வேதத்துக்குப் போயிட்டீகளோ? சாமி கும்பிடுக்கு வரமாட்டீகளே."

வருவேன் என்பதா, மாட்டேன் என்பதா? அவள் நீட்டிய சொம்புத் தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு, அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.