பதினாறு மெகாபைட்டும் ஒருநாள் விடுப்பும்

பொத்தான் தொழிற்சாலையில் கேமரா அக்கா தினமும் எல்லோருக்கும் முன்னால் வந்து இயந்திரத்துக்கு ஏதோ வைத்துவிடுகிறாராம். அவர் வராத அன்று அது படுத்துவிட்டதாம். வேலையைக் காப்பாற்றிக்கொள்ள அவரே செய்யும் சதியாம். பேருந்தில் கேட்டதை நானும் இரண்டு பேரிடம் சொல்லிவிட்டுத்தான் விசாரிக்கக் கிளம்பினேன். எங்கள் பத்திரிகைத் தொழிலில் வரிசை அப்படி.

அக்கா பதினெட்டு வருடம் பொத்தான்களைக் கண்ணால் பார்த்து, விரிசல் விட்டதைப் பொறுக்கி எறிந்தவர். அந்த வேலைக்குக் கேமராக்கள் வந்ததும் கூட இருந்தவர்கள் பெட்டி கட்டும் பிரிவுக்குப் போனார்கள். இவர் மாலை வகுப்பில், அந்தக் கேமராக்களின் கணினியை ஓட்டும் லினக்ஸ் படித்து, கேமராக்களுக்கே காவலாளியானார். கணவர் இல்லை, மகள் கல்லூரியில். இந்தச் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது.

போன வருடம் நிர்வாகி பெரிய படம் எடுக்கும் நான்கு கேமராக்கள் வாங்கினார். இரண்டு ஓடின. மூன்றாவதைச் செருகினால் படம் பாதியில் கறுத்தது.

"கேபிள் போச்சும்மா" என்றார் நிர்வாகி. அக்கா ஏழு கேபிள் மாற்றினார்.

"மெமரி இல்லைன்னு எழுதுது சார்."

"முப்பத்திரண்டு ஜிபி போட்டிருக்கேன், இல்லைங்குதா? என்ன திமிர்!"

திமிர் லினக்ஸின் உட்கருவான கெர்னலுடையது. யூஎஸ்பி வழியாக வரும் படங்கள் தங்கிப் போக அது ஒதுக்கும் பஃபர், எல்லாக் கேமராவுக்கும் சேர்த்தே பதினாறு மெகாபைட். ஒரே நிரல் மெமரி முழுவதையும் விழுங்கிவிடக் கூடாதே என்று யாரோ நல்ல மனதோடு வைத்த வரம்பு. அக்கா அதை இருநூற்று ஐம்பத்தாறாக்கினார். நான்கு படங்களும் முழுசாக வந்தன.

மாலையில் கணினியை அணைத்தால் காலையில் மறுபடி பதினாறு. நிலையாக நிற்கத் தொடக்கக் கோப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டும். அந்தக் கோப்பைத் தொட நிர்வாகியின் கையெழுத்து வேண்டும் என்பது தொழிற்சாலை விதி. படிவம் கொடுத்து நாற்பது நாளாகியும் கையெழுத்து வரவில்லை. அதுவரை தினமும் காலையில் அக்கா கையால் எண்ணை அடித்தார். ஊர் பேசிய 'வைப்பு' இதுதான்.

மகளுக்குக் கண் அறுவைச் சிகிச்சை என்று ஒருநாள் விடுப்பு கேட்டார். போகும்முன் அந்த எண்ணைச் சீட்டில் எழுதி நிர்வாகி மேசையில் வைத்தார். மறுநாள் இரண்டு கேமரா இருட்டு, சரக்கு தேக்கம். 'சொல்லாமல் வரவில்லை' என்று பதிவேட்டில் ஏறியது. சதி நிரூபணமானால் வேலை போகும் என்று விசாரணை வைத்தார்கள்.

பொத்தான் வாங்க வந்தவன்போல நானும் உள்ளே உட்கார்ந்திருந்தேன்.

"தினமும் காலையில என்னத்தம்மா அடிக்கிறே?" என்றார் நிர்வாகி.

"உங்க கையெழுத்துக்குப் பதிலா ஒரு நம்பர் சார்."

"எந்தக் கையெழுத்து?"

"உங்க டீ ஃபிளாஸ்க்குக் கீழ இருக்கு."

தூக்கினார். படிவத்தில் வட்டம் வட்டமாகக் கறை. அதோடு ஒட்டிக்கொண்டு அந்தச் சீட்டு.

வாசலில் நின்ற பெட்டி கட்டும் தோழி சும்மா இருப்பாளா? "அப்ப ஃபிளாஸ்க்கைக் கூப்பிட்டு விசாரிங்க சார்!"

நிர்வாகி நின்றபடியே கையெழுத்துப் போட்டார். அக்கா அப்போதே வரியைச் சேர்த்தார். இப்போது எல்லோரோடும் சேர்ந்துதான் வேலைக்கு வருகிறார்.

பதிவேட்டில் ஏறிய 'வரவில்லை'யை விடுப்பாக மாற்றத் தனிப் படிவமாம். அதையும் கொடுத்து மூன்று வாரமாகிறது. எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த ஒருநாள் இன்னும் பாக்கி.