நீலத்தில் தங்கப் பூ

பாரிஸ் லா சப்பல் தெருவில் சேலைக் கடைக் கண்ணாடிக்குள் ஒரு நீலச் சேலை தொங்குகிறது. உடலெங்கும் தங்க நிறத்தில் மூன்றிதழ்ப் பூ. என் பள்ளிச் சரித்திரப் புத்தகத்தில் ஓர் இங்கிலாந்து அரசனின் கேடயத்திலும் இதே நீலம், இதே பூ.

எண்பதுகளில் நாங்கள் கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒற்றை அறையில் இருந்தோம். லீக்ஸ் வதங்கிய மணம் போர்வையிலும் இருக்கும். அன்று புறநகர் பொண்டியிலிருந்து பெரியப்பா வந்திருந்தார். ஊரிலுள்ள அம்மாவின் சீதன வீட்டைத் தன் மகனுக்குக் கேட்டார். அப்பா ஓம் என்றார். அம்மா லீக்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தா.

பிறகு பெரியப்பா என்னிடம், "இண்டைக்கு என்ன படிச்சனி?" என்றார்.

சொன்னேன். பிரான்சு அரசன் ஆண்பிள்ளை இல்லாமல் செத்தான். அவனுடைய தங்கை இங்கிலாந்து அரசனின் தாய். அதனால் பிரான்சின் முடியும் தனக்கே என்றான் இங்கிலாந்து அரசன். பெண்வழியாக முடி வராது என்று இங்கே மறுத்துவிட்டார்கள். அவன் பிரான்சின் பூவைத் தன் கேடயத்தில் போட்டுக்கொண்டான்.

"அது பிழை. தாயின்ரை உரிமை பிள்ளைக்குத்தானே," என்றார் பெரியப்பா.

அம்மா நிமிரவில்லை. "அந்தத் தாய் என்ன சொன்னவவாம்?"

புத்தகத்தைப் புரட்டினேன். "ஒண்டும் போடேல்லை, அம்மா."

அடுத்த தைப்பொங்கலுக்குப் பெரியப்பாவின் மகன் அந்த வீட்டில் பொங்கினான்.

கடைக்காரப் பெண் வெளியே வருகிறா. "ஆருக்கு அக்கா பாக்கிறியள்?"

"அம்மாவுக்கு."

"அவவுக்கு என்ன நிறம் பிடிக்கும்?"

நான் கேட்டதில்லை.