அவனைக் கண்டால் ஒளியும் மீன்

எங்கள் தீவில் ஹால்வரைப் போல வாய் ஓயாத ஆள் கிடையாது. மீன் பண்ணையில் வலை தைக்கிறவன். தண்ணீருக்குள் இறங்கினால்தான் அந்த வாய் மூடும். அதற்காகவே ஞாயிறுதோறும் அவனோடு முக்குளிக்கப் போகிறேன் என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். நார்வேக்காரர்கள் அமைதியானவர்கள் என்று கிளப்பிவிட்ட புண்ணியவான் ஹால்வர் படகில் ஏறியதே இல்லை.

படகுத்துறைக்கு எதிரே, பாறைச் சரிவின் அடியில் ஒரு பொந்து. அதில் இரண்டு ஓநாய்மீன்கள் ஜோடியாகக் குடியிருந்தன. சுருங்கிய கிழட்டு முகம், ஓடு நொறுக்கும் பல். பார்த்தால் சண்டைக்கு வருவது போலிருக்கும், ஆனால் பரம சாது.

உடம்பெல்லாம் முள் சிலிர்த்த உருண்டையான கடல்முள்ளிகள் பெருகி, கடலடியில் எங்கள் பாசிக் காட்டைத் தின்று மொட்டையடித்துவிட்டன. அதனால் கண்ணில் படும் முள்ளியைக் கத்தியால் உடைத்துப் போடுவது இங்கே முக்குளிப்பவர்கள் எல்லோருக்கும் வழக்கம். ஹால்வர் உடைத்ததைப் பொந்து வாசலில் வைத்தான். முதலில் இரண்டும் எட்டிப் பார்த்தன. ஒரு குளிர்காலம் முடிவதற்குள் அவன் உள்ளங்கையிலிருந்தே தின்னப் பழகின. பிறகு யார் இறங்கினாலும் வெளியே வந்து கையைப் பார்த்தன.

"நாய்க்குட்டி மாதிரி ஆக்கிட்டியேடா," என்றேன்.

"பொறாமையா, தூரில்?" என்று என்னைச் சீண்டினான் ஹால்வர். " உன் புருஷன்கூட உன் கையால சாப்பிட மாட்டேங்கறானேன்னா?"

துடுப்பால் தண்ணீரை வாரி அவன் மூஞ்சியில் அடித்தேன்.

அந்த இலையுதிர் காலத்தில் ஒரு நாள் ஹால்வர் வீட்டு அடுக்களையில் காபி குடித்துக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டு யோஸ்தைன் ஈரப் பையோடு உள்ளே வந்தான். மூச்சடக்கி இறங்கி ஈட்டித் துப்பாக்கியால் மீன் பிடிப்பவன். கிடைத்ததில் அக்கம்பக்கத்துக்குப் பங்கு வைக்காமல் சாப்பிட மாட்டான்.

"வெண்ணெய்ல போட்டு வறு ஹால்வர். ஓநாய்மீன்! நான் தேடிக்கூடப் போகலப்பா. அதுவா வந்து கைகிட்ட நின்னுச்சு."

"எங்க?"

"இதோ, துறைக்கு எதிர்ல."

ஹால்வர் பையைத் திறக்கவே இல்லை. விஷயத்தை நான்தான் சொன்னேன். யோஸ்தைனுக்கு முகம் செத்துப்போயிற்று.

"எனக்கெப்படித் தெரியும்? அதுங்க மேல பேரா எழுதியிருந்துச்சு?"

"உன் மேல தப்பில்ல," என்றான் ஹால்வர். "நான்தான் கையைக் காட்டி வளர்த்தேன்."

யோஸ்தைன் அந்தப் பக்கமே போவதில்லை என்று சத்தியம் செய்தான். ஆனால் கோடையில் வெளியூர் படகுகள் ஈட்டிகளோடு வந்து இறங்கும். அத்தனை பேரிடமும் சத்தியம் வாங்க முடியுமா? ஆண் போய்விட்டது, பெண் மிஞ்சியிருந்தது. கை தெரிந்தால் அதுவும் வெளியே வரும்.

ஹால்வர் தீனியை நிறுத்திப் பார்த்தான். அது அவன் கையுறையை முகர்ந்து, ஒன்றுமில்லை என்று கண்டும் நகரவில்லை. "அதுக்குப் பயம் வரணும்," என்றான். அடுத்த ஞாயிறு அது கைக்கு வந்தபோது விரல்களை மடக்கி மூக்கிலேயே குத்தினான். தண்ணீருக்குள் ஓங்கிக் குத்தினாலும் வேகம் இருக்காது. அது பின்வாங்கிவிட்டுத் திரும்ப வந்தது. மறுபடி குத்தினான். மறுபடி வந்தது. அப்புறம் குத்தியபோது வாலைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டது.

படகில் முகக்கண்ணாடியைக் கழற்றி எறிந்துவிட்டு விக்கி விக்கி அழுதான்.

"ஏன்னு கேக்கற மாதிரி பாத்துச்சு, தூரில்."

காபியை ஊற்றிக் கொடுத்தேன். அவன் கையிலேயே அது ஆறிப்போனது.

அடுத்த முறை அவனைக் கண்டதுமே அது பின்னோக்கி வழுக்கி இருட்டுக்குள் மறைந்தது. கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்து எனக்குச் சைகை காட்டினான், சரியாகிவிட்டது என்று. பிறகு பாறையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனான். நான் தனியாக நின்றேன். அது மெல்ல வெளியே வந்து என் கையில் வாயை வைத்துத் தேடியது.

மேலே வந்ததும் மறைக்காமல் சொல்லிவிட்டேன்.

"அப்போ நீயும் அடி," என்றான்.

"எத்தனை பேர் அடிக்கறது? ஊரையே கூட்டிட்டு வந்து வரிசையில நிறுத்துவியா?"

அவன் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்போ என் மேல மட்டும்தான் பயமா?"

கோடை வந்தது. துறைக்கு எதிரே ஒரு படகு நங்கூரம் போட்டால் போதும், ஹால்வர் தைக்கிற வலையை அப்படியே போட்டுவிட்டு காற்று சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவான். நானும் திட்டிக்கொண்டே கூட இறங்குவேன். மற்றவர்களுக்கு முன் கீழே போய், பொந்துக்கு நேரெதிரே மண்டியிட்டு உட்கார்ந்துகொள்வான். வந்தவர்கள் வெறும் பாறையைப் பார்த்துவிட்டுப் போவார்கள். காற்று தீரும்வரை, கைவிரல் விறைத்துப்போனாலும், அவன் அங்கேயே இருப்பான். தன் முகம் எதிரே இருக்கும்போது அது வெளியே வராது என்று அவனுக்குத் தெரியும்.