அண்ணியின் காது

என் அண்ணிக்குச் சுதி நிற்காது என்பது எங்கள் இசைக்குழுவில் ஊரறிந்த விஷயம். டிரம்ஸ்காரர் அவளுக்கு ‘அரைச்சுதி’ என்றே பெயர் வைத்திருந்தார். அவளும் சேர்ந்து சிரிப்பாள். பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் அடுத்தவர்களின் பார்வைக் குறையைச் சோதிப்பவள், தன் காதுக் குறையை ஒப்புக்கொள்ள வெட்கப்படவில்லை.

கல்யாணத்துக்கு முன் மேடையின் முன்னால் நின்று எலெக்ட்ரிக் கிட்டார் வாசித்தவள் அவள்தான். கல்யாணத்துக்குப் பிறகு என்ன ஆயிற்றோ, கிட்டார்க் கழுத்தின் மேல்நுனியிலிருந்து விரல் கீழே இறங்கினாலே ஸ்வரம் நடுங்கிப் பிசகியது. விரல் வைக்காமல் வெறும் கம்பியை மீட்டினால், சுதி பார்க்கும் கருவியோ சரி என்று காட்டும். “கிட்டார் நல்லாத்தான் இருக்கு. உன் காதுதான் போச்சு,” என்று என் அண்ணன் அவள் தலையைத் தடவிச் சொல்வான். அவள் பின்வரிசைக்குப் போனாள். முன்னால் அவள் நின்ற இடத்தில் தன் கிட்டாரோடு அவன் நின்றான். அவளுடைய கிட்டாரைத் துடைப்பதும் கம்பி மாற்றுவதும் அவன் வேலை. இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்று என் அம்மா பூரித்துப்போவாள்.

ஒருநாள் அண்ணன் ஆபீஸ் போயிருந்தபோது தடித்த கம்பி அறுந்தது. அண்ணியே மாற்றினாள். கழுத்தின் கடைசிக் கட்டத்தில் விரலை அழுத்தியதும் கம்பி பிக்கப்பில் இடித்தது. கம்பிகளுக்கு அடியில் இருந்து ஒலியைப் பிடிக்கும் காந்தம் அது. ஓரத்துத் திருகைத் திருப்பினால் ஏறும், இறங்கும். இடிக்கிறதே என்று கொஞ்சம் இறக்கினாள். நடுக்கம் குறைந்தது. இன்னும் இறக்கினாள். ஸ்வரம் அசையாமல் நின்றது. இத்தனை காலமும் அந்தக் காந்தம் கம்பியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

அப்போதும் அந்தப் பைத்தியக்காரி சந்தேகப்படவில்லை. பாவம், அவருக்கும் இதே கஷ்டம் இருக்குமே என்று அண்ணனின் கிட்டாரை எடுத்தாள். அதில் கம்பிக்கும் பிக்கப்புக்கும் நடுவே இரண்டு காசு தாராளமாக நுழைந்தது.

சாயங்காலம் அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டாள்.

“சவுண்டு பெருசா வரட்டும்னுதான் ஏத்தி வச்சேன்.”

“அப்போ உங்களோடதுல ஏன் ஏத்தல?”

அவன் என்னைப் பார்த்தான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

“நீ வாசிச்சா என்னை யாரும் திரும்பிக்கூடப் பாக்கிறதில்ல,” என்றான் கடைசியில்.

“வாசிக்காதேன்னு சொல்லியிருந்தா விட்டிருப்பேனே. என் காதை ஏங்க குத்தம் சொன்னீங்க?”

அவள் உள்ளே போன பிறகு, கூடப்பிறந்தவன் என்றும் பார்க்காமல் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நான்கு கேள்வி கேட்டேன்.

அடுத்த ஒத்திகையில் அண்ணியை நான்தான் பிடித்து முன்னால் தள்ளினேன். வாசித்தாள். டிரம்ஸ்காரர் குச்சியைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார். நான் கீபோர்டை விட்டு எழுந்தே விட்டேன்.

பழக்கதோஷத்தில் அண்ணி அண்ணன் பக்கம் திரும்பினாள். “சரியா இருந்துச்சா?”

“ரொம்ப நல்லா இருந்துச்சு,” என்றான் அவன்.

அவள் முகம் சுண்டிப்போனது. மெல்ல என்னிடம் வந்தாள்.

“நீ சொல்லு. நிஜமாவே சரியா இருந்துச்சா?”

“சத்தியமா அண்ணி. ஒரு இடத்துலகூடப் பிசகல.”

என்னை உற்றுப் பார்த்தாள்.

“நீயும் அவரோட தங்கச்சிதானே,” என்றாள்.